இஸ்தோப்பில் ஒரு பள்ளிக்கூடம்

'வீட்டில் நிற்கிற பிள்ளை' என்ற சொல்லைத் தோட்டப்புறத்தில் கேட்டு வளர்ந்தவன் நான். அங்கே அதற்கு ஒரே பொருள்தான்: படிப்பை விட்ட பிள்ளை. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ளவும், விறகு பொறுக்கவும், பின்னர் கொழும்பில் யாரோ ஒருவரின் வீட்டில் பாத்திரம் கழுவவும் நிறுத்தப்பட்ட பிள்ளை.

ஆகையினால், கனடாவில் வாழும் நண்பர் ஒருவர், தமது பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பாமல் தாமும் மனைவியுமே வீட்டில் கற்பிப்பதாகப் பெருமையோடு எழுதியபோது எனக்கு எரிச்சலே வந்தது. நண்பர் பக்தியுள்ள கிறிஸ்தவர். காலையில் குடும்ப ஜெபம், பின்னர் பாடம், மாலையில் தோட்ட வேலை என்று ஒரு நாளின் ஒழுங்கை அழகாக விவரித்திருந்தார். 'பள்ளிக்கூடம் கிடைத்தவனுக்குத்தான் அதை வேண்டாம் என்று சொல்லும் வசதி உண்டு' என்று இரண்டே வரியில் பதில் எழுதினேன். அவர் அதன் பிறகு சில மாதங்கள் எனக்கு எழுதவில்லை.

என் கோபத்துக்கு ஒரு வரலாறு உண்டு. தோட்டத்துரை தனது தோட்டத்தில் ஆறு முதல் பத்து வயது வரையான பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்க வேண்டும் என்று இலங்கையில் சட்டம் வந்தது 1920ஆம் ஆண்டில். சட்டம் வந்ததே தவிர, பெரும்பாலான இடங்களில் பள்ளிக்கூடம் என்பது ஓர் அறை, ஓர் ஆசிரியர், ஒரு கரும்பலகை என்ற அளவிலேயே நின்றது. கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வி 1945இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியேதான் கிடந்தன. மூன்றாண்டுகளில், 1948இல், அந்தப் பிள்ளைகளின் பெற்றோருடைய குடியுரிமையும் போயிற்று. தோட்டப் பாடசாலைகளை அரசு படிப்படியாகப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1977ஆம் ஆண்டிலிருந்துதான். இத்தனை காலம் காத்திருந்து பெற்ற ஒன்றை ஒருவர் வேண்டாம் என்று தள்ளுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த எண்ணத்தோடுதான் 2021 நவம்பர் முதல் வாரத்தில் தெரணியகலைக்குப் போனேன்.

அவிசாவளையிலிருந்து சீதாவக்கை ஆற்றின் பக்கமாக ஏறும் பாதை அது. கேகாலை மாவட்டத்தின் தென்கிழக்கு மூலை. மேலே மாலிபொடை வழியாகச் சிவனொளிபாதமலைக்கு யாத்திரிகர் ஏறும் ஒரு பழைய வழியும் உண்டு. நுவரெலியாவைப் போல் வெறும் தேயிலை மட்டும் அல்ல. இறப்பரும் தேயிலையும் கலந்த மண். மழைக்கும் அட்டைக்கும் குறைவில்லை. கொவிட் தொற்றினால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் இடையிடையே திறந்து, மறுபடி மூடிக் கிடந்தன. ஒக்டோபர் 21ஆம் திகதி, 200 பிள்ளைகளுக்குக் குறைந்த பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகள் மட்டும் திறக்கப்பட்டிருந்தன. ஆறாம் தரத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் இன்னும் லயங்களில்தான் இருந்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதுவதே என் நோக்கம்.

அங்கே ஒரு குடும்பத்தைச் சந்தித்தேன். பெயரைத் தவிர்க்கிறேன். கணவர் இறப்பர் பால் வெட்டுபவர். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறிய சபை ஒன்றில் வேதம் வாசிப்பவர். மனைவி முன்னர் சில காலம் முன்பள்ளியில் கற்பித்தவர். மூன்று பிள்ளைகள். பள்ளி மூடிய முதல் வாரத்திலேயே அந்த அம்மா ஒரு நேரசூசி எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டார். ஐந்தரைக்கு ஜெபம், ஏழு மணிக்குத் தமிழ், அதன் பிறகு சுற்றாடல். கணக்கு மட்டும் அப்பாவின் பாடம். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை. அதனால் மழை நாள் கணக்கு நாள் ஆயிற்று. அந்த ஊரில் கணக்குக்குப் பஞ்சமில்லை என்று அவர் சிரித்தார்.

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, அடுத்த காம்பராப் பையன் இஸ்தோப்பில் வந்து நின்றானாம். உள்ளே வரவில்லை, போகவும் இல்லை. அம்மா கேள்வி கேட்டால் வெளியிலிருந்து அவன் பதில் சொல்லியிருக்கிறான்.

"மொத நாள் பேசாம இருந்துட்டேன் ஐயா. கொரோனா பயம். ராத்திரி ஜெபம் பண்ண முட்டி போட்டேன், வார்த்தையே வரல்ல. மறுநாள் இஸ்தோப்புல சாக்க விரிச்சிட்டேன்" என்றார்.

சாக்கு விரித்த பின்னர் பிள்ளைகள் வராமல் இருப்பார்களா? இடைவெளி விட்டு உட்கார வைத்தாலும் பதினான்கு பேர். கைபேசி ஒன்றுதான். ஆசிரியர்கள் வட்ஸ்அப்பில் அனுப்பும் பயிற்சித்தாள்களை இறக்க மேட்டுக்கு ஏற வேண்டும். கீழே சமிக்ஞை கிடையாது. மூத்த மகள் ஏறிப் போய் இறக்கி வருவாள். பழைய நாட்காட்டித் தாள்களின் பின்புறத்தில் அதைப் பெரிய எழுத்தில் பிரதி செய்து சுவரில் தொங்கவிடுவார்கள். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும். நமது திண்ணைப் பள்ளிகளின் சட்டாம்பிள்ளை முறையேதான். அந்த அம்மாவுக்கு அந்தப் பெயர் தெரியாது, அவ்வளவே.

எல்லாம் இனிமையாக நடந்துவிடவில்லை. வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்துக்கள். மிஷனரிமாரின் தமிழ்க் கூலி மிஷன் 1854இல் தொடங்கிய காலத்திலிருந்தே தோட்டங்களில் பாடமும் பிரசங்கமும் ஒரே கூரையின் கீழ் நடந்தவை. மக்களுக்கு அது மறக்கவில்லை. ஒரு பாட்டி வாசலில் நின்று, "பாடத்துக்குக் கூப்பிடுறியா, வேதத்துக்குக் கூப்பிடுறியா?" என்று நேராகவே கேட்டுவிட்டாராம். அந்தக் கேள்வி நியாயமானது என்றே நானும் நினைக்கிறேன். அவர் செய்தது இதுதான்: ஜெப நேரத்தில் கதவைச் சாத்தினார், பாட நேரத்தில் திறந்தார். மாரியம்மன் திருவிழாவுக்கு மூன்று நாள் விடுமுறையும் விட்டார். கேட்ட பாட்டி பின்னர் தினமும் பிள்ளைகளுக்குச் சாயத்தேநீர் ஊற்றிக் கொடுத்தார்.

எனது கட்டுரைக்கு இது போதும் என்று எழுந்தபோதுதான் மூத்த மகள் பேசினாள். 2020 ஒக்டோபரில் ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை எழுதியவள் அவள். வெட்டுப்புள்ளியைத் தொடவில்லை.

"அம்மா எங்களுக்கு மட்டும் படிச்சுக் குடுத்திருந்தா நான் பாஸ் பண்ணியிருப்பேன்."

அழவில்லை, குறை சொல்லும் குரலும் இல்லை. கணக்கில் ஒரு விடையைச் சொல்வது போலச் சொன்னாள். தாய் அதை மறுக்கவில்லை. "உண்மதான் ஐயா. இவளுக்கு நான் கடன்காரி" என்றார்.

எத்தனையோ பேட்டிகள் எடுத்தவன் நான். அடுத்த கேள்வி எனக்கு வரவில்லை. பொதுப்பணி என்று நாம் மேடையில் புகழ்வதன் விலையைப் பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளைதான் கொடுக்கிறது. அந்தப் பிள்ளையிடம் யாரும் சம்மதம் கேட்பதில்லை.

திரும்பும் வழியில், பழைய புத்தகம் ஒன்றில் படித்த சூசன்னா வெஸ்லியின் நினைவு வந்தது. இங்கிலாந்தின் எப்வர்த் என்ற ஊர்ப் போதகரின் மனைவி. 19 பிள்ளைகளைப் பெற்று, பத்துப் பேரை மட்டுமே வளர்த்தெடுக்கக் கிடைத்தவர். அவர்களுக்கு வீட்டிலேயே, நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் கற்பித்தார். பெண் பிள்ளைகளுக்கு வாசிக்க வந்த பிறகுதான் தையல் என்பது அவரது சட்டம். 1711-12 குளிர்காலத்தில் கணவர் இலண்டன் போயிருந்தபோது, ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளுக்காக நடத்திய குடும்ப ஜெபத்துக்கு அக்கம்பக்கத்தார் வரத் தொடங்கி, இருநூறு பேர் வரை கூடினர். நிறுத்தும்படி கணவர் எழுதினார். உங்கள் விருப்பம் என்று எழுதாமல் கட்டளையாகவே இடுங்கள். அப்போது இறைவன் முன் பொறுப்பு என்னைச் சேராது என்ற பொருள்பட அந்த அம்மையார் பதில் எழுதினார். அந்த வீட்டுப் பாடத்தில் அமர்ந்திருந்த பிள்ளைகளுள் ஒருவரே மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி. அவரது இயக்கத்தின் மிஷனரிமார் 1814இல் இலங்கையில் கரையிறங்கினார்கள்; பள்ளிகள் எழுந்தன.

வீட்டுக் கல்வி குறித்து என் கருத்து முழுவதும் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். தெரணியகலைக் குடும்பமும் பள்ளியை வேண்டாம் என்று சொன்ன குடும்பம் அல்ல. பள்ளிகள் முழுமையாகத் திறந்ததும் மூன்று பிள்ளைகளையும் அனுப்பிவிட்டார்கள். ஆனால் ஒன்று விளங்கியது. பாடம் வீட்டுக்குள் நடக்கிறதா, வெளியில் நடக்கிறதா என்பதைப் பற்றி நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். கேட்க வேண்டியிருந்த கேள்வி, இஸ்தோப்பில் நிற்கும் பிள்ளையைப் பற்றியது.

அந்தக் கேள்வி என்னையும் சுட்டது. 2021 ஜனவரியில் மேல் மாகாணப் பாடசாலைகள் மூடியே இருந்தபோது, கொழும்பில் என் பேரன் மடிக்கணினியின் முன் பாடம் கேட்டுக்கொண்டிருப்பான். வீடு துப்புரவு செய்ய வரும் பெண் தன் மகனையும் சில நாள் அழைத்து வருவார். அவன் சமையலறைக் கதவோரம் நின்று திரையையே பார்த்துக்கொண்டிருப்பான். நான் அருகில் அமர்ந்து, தோட்டப் பிள்ளைகளின் கல்வி பற்றி எழுதிக்கொண்டிருந்தேன். ஒரு கதிரையை இழுத்துப் போட எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பெண் பின்னர் வேலையை விட்டுப் போய்விட்டார். எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாது.

2022 நடுப்பகுதியில் எரிபொருள் தட்டுப்பாட்டால் பள்ளிகள் மறுபடி மூடப்பட்டபோது தெரணியகலைக்குத் தொலைபேசி எடுத்தேன். கொப்பி விலை ஏறிவிட்டதாகவும், நாட்காட்டித் தாள்களும் தீர்ந்துவிட்டதாகவும் அம்மா சொன்னார். சாக்கு மறுபடி விரித்தாயிற்றாம். மகளைக் கேட்டேன்.

"அவ ராத்திரியில படிக்கிறா ஐயா. ஏழுல இருந்து ஒம்பது வரைக்கும் அவளுக்கு மட்டுந்தான் நான் டீச்சர். அந்த நேரம் யார் வந்தாலும் கதவு சாத்தித்தான்."

கனடா நண்பருக்கு அன்றிரவே நீண்ட கடிதம் ஒன்று எழுதி, மன்னிப்பும் கேட்டேன்.