இரு கப்பல்களும் ஏழு நாள் ஓய்வும்

ஓய்வை விரும்பாத மனிதர் இல்லை. ஆயினும் ஓய்வு எல்லா மனிதருக்கும் எக்காலத்தும் கிடைத்ததில்லை. நெடுங்காலமாக அது உடைமையாளரின் தனிச்சொத்தாகவே இருந்துவந்தது. நிலத்தை உடையவன் திண்ணையிற் சாய்ந்திருந்தான். நிலத்தை உழுதவன் இரவிலும் எழுந்து மாட்டுக்கு வைக்கோல் இட்டான். உழைப்பவனுக்கும் ஓய்வு வேண்டும், அதுவும் கூலி குறையாத ஓய்வு வேண்டும் என்பது எவருடைய கருணையினாலும் வந்ததன்று, போராடிப் பெற்றது. 1936ஆம் ஆண்டு ஜூன் மாதம், பிரான்சு நாட்டுத் தொழிலாளர் தொழிற்சாலைகளைத் தம் கைவசப்படுத்தி நடத்திய மாபெரும் வேலைநிறுத்தத்தின் விளைவாக, லியோன் புளூமின் தலைமையில் அமைந்த மக்கள் முன்னணி அரசு ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுமுறையைச் சட்டமாக்கிற்று. அவ்வாண்டுக் கோடையிலே எத்தனையோ தொழிலாளக் குடும்பங்கள் வாழ்வில் முதன்முறையாகக் கடலைக் கண்டன. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு சம்பளத்துடனான விடுமுறை பற்றிய தன் முதல் உடன்படிக்கையை நிறைவேற்றியதும் அதே ஆண்டிலேதான்.

இவ்வரலாற்றை அண்மையில் நான் மீண்டும் எண்ணிப் பார்க்க நேர்ந்தது ஒரு குடும்பக் காரியத்தின் பொருட்டாகும். என் அக்கா ரொறன்ரோவில் ஒரு முதியோர் இல்லத்தில் இரவுப் பணி செய்பவர். அத்தான் ஒரு பண்டகசாலையில் வேலை செய்கிறார். பதினைந்து ஆண்டுகளாக இருவரும் ஒருசேரப் பத்து நாள் ஓய்ந்திருந்ததில்லை. இம்முறை, அவர்களோடு வாழும் எங்கள் அம்மாவையும் பதின்மூன்றும் ஒன்பதும் வயதான என் மருமக்களையும் அழைத்துக்கொண்டு, பாடசாலை விடுமுறையில் ஏழு நாள் உல்லாசக் கப்பற் பயணம் செய்ய எண்ணியிருக்கிறார்கள். இரண்டு கப்பல்களின் பெயர்களை எனக்கு அனுப்பி, “தம்பி, நீ வாசிக்கிறனி. இரண்டிலை எது எங்களுக்குப் பொருந்துமெண்டு பார்த்துச் சொல்லு” என்றார் அக்கா.

இதனை ஆசிரியர் அறையில் கூறியபோது நண்பர் ஒருவர் நகைத்தார். “முதலாளித்துவத்தின் மிதக்கும் களியாட்ட மண்டபத்துக்கு நீரும் தரகரோ?” என்றார். நண்பரின் கேள்வி நியாயமற்றதென்று நான் கருதவில்லை. எனினும் இரவெல்லாம் பிறர் பெற்றோரைக் கழுவித் துடைத்துப் பராமரிக்கும் ஒரு பெண், தன் தாயோடும் பிள்ளைகளோடும் ஏழு நாள் கடலைப் பார்த்திருக்க விரும்பினால், அதனைக் களியாட்டம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. மார்க்சின் மருமகனான போல் லஃபார்க், சோம்பியிருக்கும் உரிமையைப் பற்றியே ஒரு நூல் எழுதினார். ஆகவே, உழைக்கும் மக்களின் ஓய்வை ஏளனம் செய்வது நம் மரபன்று. கப்பல்களை ஒப்பிட்டுப் பார்ப்பதென்றே முடிவு செய்தேன்.

இரண்டு கப்பல்களும் றோயல் கரீபியன் என்னும் ஒரே நிறுவனத்துக்கு உரியவை. ஒன்று ‘சிம்பொனி ஒவ் த சீஸ்’. பிரான்சின் சென் நசேர் கப்பற் கட்டுமானத் தளத்திலே கட்டப்பெற்று 2018இல் கடலுக்கு வந்தது. மற்றது ‘ஐகன் ஒவ் த சீஸ்’. பின்லாந்தின் துர்க்கு நகரிலே கட்டப்பெற்று, 2024 ஜனவரி 27இல் மியாமியிலிருந்து தன் முதற் பயணத்தைத் தொடங்கிற்று. முன்னதன் அளவு 228,081 தொன். பின்னதன் அளவு 248,663 தொன். இங்கே தொன் என்பது எடையன்று; கப்பலின் உள்ளிடத்தைக் குறிக்கும் அளவை. 1912இல் மூழ்கிய டைட்டானிக்கின் அளவு 46,328 தொன் என்பதை நினைந்தால், இவை ஒவ்வொன்றும் அதனைப்போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு என்பது புலனாகும்.

ஐகனில் ஏழு நீச்சற் குளங்களும் ஆறு நீர்ச் சறுக்குகளும் உள்ளன. சிறு குழந்தைகளை உடைய குடும்பங்களுக்கென்றே ஒரு தனிப் பகுதியும் உண்டு. சிம்பொனியில் நீர்ச் சறுக்குகள் தொகையிற் குறைவு. ஆனால் பத்து மாடி உயரத்திலிருந்து இறங்கும் உலர்சறுக்கும், குடை இராட்டினமும், பின்தளத்தில் நீர்விளையாட்டு அரங்கும் உள்ளன. உயிருள்ள செடிகொடிகள் வளரும் பூங்கா இரண்டிலும் உண்டு. குழந்தைப் பருவத்தைக் கடந்த என் மருமக்களுக்கு ஐகனின் குழந்தைப் பகுதியால் பெரும்பயன் இல்லை. முழங்கால் நோவுடைய அம்மாவுக்கு வேண்டுவது நிழலும் ஓர் இருக்கையும் கண்முன்னே கடலுமே. அவற்றை எந்தக் கப்பலும் தரும்.

உண்மையான வேறுபாடு விளம்பரப் படங்களில் இல்லை, எண்களில் இருக்கிறது. அறைக்கு இருவர் என்று கணக்கிட்டால் சிம்பொனியில் 5,518 பேரும் ஐகனில் 5,610 பேரும் பயணம் செய்வர். அப்போது ஒருவருக்குச் சிம்பொனியில் 41.3 தொன் இடமும் ஐகனில் 44.3 தொன் இடமும் விழும். புதிய கப்பலே விசாலமானது என்று தோன்றும். ஆனால் பாடசாலை விடுமுறைக் காலத்தில் அறைக்கு இருவர் என்ற கணக்கு நிலைப்பதில்லை. மடித்து வைத்த மேற்கட்டில்கள் விரிக்கப்படுகின்றன, பிள்ளைகள் வருகிறார்கள். முற்றாக நிறைந்தால் சிம்பொனி 6,680 பேரையும் ஐகன் 7,600 பேரையும் கொள்ளும். இப்போது கணக்கைத் திரும்பப் போட்டால், ஒருவருக்குச் சிம்பொனியில் 34.1 தொன், ஐகனில் 32.7 தொன் மட்டுமே. குடும்பங்களுக்கென்று விளம்பரப்படுத்தப்படும் பெரிய கப்பல், குடும்பங்கள் திரளும் காலத்திலே சிறிய கப்பலைவிட நெருக்கமானதாகிவிடுகின்றது.

இதே கணக்கைப் பணியாளரை வைத்தும் போட்டேன். சிம்பொனியில் ஏறத்தாழ 2,200 பணியாளர். ஐகனில் ஏறத்தாழ 2,350 பேர். கப்பல் நிறைந்திருக்கும்போது சிம்பொனியின் பணியாளர் ஒருவர் மூன்று பயணிகளைச் சுமக்கிறார் என்றால், ஐகனின் பணியாளர் சுமப்பது அதனிலும் சற்று மேல். பயணிக்கு நெருக்கம் கூடும்போது தொழிலாளிக்குச் சுமையும் கூடுகின்றது. தொள்ளாயிரத்துக்கு மேற்பட்ட பயணிகளை மேலதிகமாக ஏற்றும் கப்பலிலே, மேலதிகப் பணியாளரின் தொகை ஏறக்குறைய நூற்றைம்பதுதான். இலாபம் பிறக்கும் இடம் இதுவே.

ஐகனிலே மூன்று தளங்களைக் கொண்ட குடும்ப மாளிகை ஒன்றுண்டு. உள்ளேயே பிள்ளைகளுக்கு ஒரு சறுக்கும் அமைந்திருக்கிறது. அதன் ஒருவார வாடகை 75,000 டொலருக்கு மேல் என 2024இல் செய்திகள் வந்தன. அதே ஆண்டில், தகுதிபெற்ற கடலோடி ஒருவருக்குச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் வழி வகுக்கப்பட்ட ஆகக்குறைந்த அடிப்படை மாதச் சம்பளம் 666 டொலர். அம்மாளிகையின் ஒருவார வாடகையை ஈட்ட, அச்சம்பளம் பெறுபவன் ஒன்பது ஆண்டுக்கு மேல் உழைக்கவேண்டும்.

என்னிடம் உயர்தர வகுப்பிற் பயின்ற மாணவன் ஒருவன் இன்று வேறொரு நிறுவனத்தின் கப்பலில் அறைப் பணியாளனாக இருக்கிறான். அக்காவின் கேள்வி வந்தபின் அவனுக்கு எழுதினேன். அவன் விடையிலிருந்து சில வரிகள்: “சேர், வாரத்தில் ஏழு நாளும் வேலை. ஒப்பந்தம் முடியும் வரை முழுநாள் விடுமுறை என்று ஒன்று இல்லை. பயணிகள் மாறும் நாள்தான் கடினம். காலையில் ஒரு கூட்டம் இறங்கும். மதியத்துக்குப் பின் மறு கூட்டம் ஏறும். இடையில் எல்லா அறைகளும் யாருமே இருந்திராதவை போல் ஆகவேண்டும். ஆனால் சேர், இந்தக் காசில்தான் வீட்டுக்குக் கூரை போட்டேன். தங்கச்சியின் படிப்பும் இதில்தான். ஆட்கள் கப்பலில் வராமல் விட்டால் எங்களுக்கு என்ன ஆகும்?”

கடைசிக் கேள்வியை நண்பருக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, “அப்படியானால் வரட்டும். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு வரக்கூடாது” என்றார்.

கண்ணைத் திறந்தால் தெரிவன யாவை? இந்நிறுவனத்தின் தலைமையகம் மியாமியில் உள்ளது; நிறுவனம் பதிவானது லைபீரியாவில்; இரு கப்பல்களும் பறக்கவிடுவது பஹாமாஸ் நாட்டுக் கொடியை. தொழிலாளரோ ஆசியாவிலும் கரீபியத் தீவுகளிலும் பிற நாடுகளிலும் இருந்து வருகிறார்கள். எந்த நாட்டின் வரியும் தொழிற்சட்டமும் இலகுவானவையோ அந்த நாட்டின் கொடியின்கீழ் நிற்பது இத்தொழிலின் பொதுவழக்கம். 2013 முதல் நடைமுறையில் உள்ள கடற்றொழிலாளர் உடன்படிக்கை, நாளொன்றுக்குப் பதினான்கு மணித்தியாலமும் வாரத்துக்கு எழுபத்திரண்டு மணித்தியாலமும் வேலையின் உச்சவரம்பென அனுமதிக்கிறது. எட்டு மணித்தியால வேலைநாளுக்காகச் சிக்காகோத் தொழிலாளர் 1886இல் குருதி சிந்தினர். ஒன்றேகால் நூற்றாண்டு கழிந்தபின் கடலுக்குக் கிடைத்த பாதுகாப்பு பதினான்கு மணித்தியாலம்! அதுவுங்கூட முன்னேற்றமே என்பது நிலைமையின் கொடுமையை உணர்த்தும்.

சூழலைப் பற்றியும் ஒரு சொல். ஐகன் திரவ இயற்கை வாயுவில் இயங்குவது. கந்தகப் புகையும் கரியும் அதிற் குறைவென்பது உண்மை. ஆனால் எரியாது தப்பும் மெதேன் வாயு, இருபது ஆண்டுக் கணக்கிலே கரியமில வாயுவைவிட ஏறத்தாழ எண்பது மடங்கு வெப்பத்தைப் பூமியில் தேக்கி வைப்பது. எண்ணெயில் இயங்கும் சிம்பொனியும் குற்றமற்றதன்று. ஆகவே ‘பசுமைக் கப்பல்’ என்னும் விளம்பரத்தை நம்பி ஒன்றைத் தெரிவதில் பொருளில்லை.

இவை யாவும் தொலைதூரத்துச் செய்திகள் என்று வாசகர் எண்ணலாகாது. 2020 ஏப்ரலில், பெருந்தொற்றுக் காலத்திலே, எம்எஸ்சி மக்னிஃபிகா என்னும் உல்லாசக் கப்பல் கொழும்பை அணுகிற்று. அதிற் சமையற் பணி செய்த இலங்கையர் ஒருவர், தம்மைத் தாய்நாட்டில் இறங்க அனுமதிக்குமாறு காணொளி மூலம் மன்றாட நேர்ந்தது. பின்னரே கடற்படையினர் அவரைக் கரைசேர்த்தனர். 2023 ஜூனில் ‘எம்பிரஸ்’ என்னும் கப்பல் இந்தியச் சுற்றுலாப் பயணிகளுடன் எங்கள் காங்கேசன்துறைக்கே வந்தது. 1990இல் சென் நசேரில் கட்டப்பெற்று, றோயல் கரீபியன் நிறுவனத்தின் பெயரில் ஓடி, பின் இந்திய நிறுவனம் ஒன்றின் கைக்கு மாறிய கப்பல் அது. இத்தொழிலின் பழைய கப்பல்கள் நம் கரைக்கு வருகின்றன. நம் இளைஞர் அதன் புதிய கப்பல்களுக்குப் போகிறார்கள்.

அக்காவுக்கு நான் எழுதிய விடை சுருக்கமானது. சிம்பொனியையே தெரிந்துகொள்ளுங்கள், விடுமுறைக் காலத்தில் அதுவே சற்று நெருக்கம் குறைந்தது, புதுமைக்கென்று கூடுதல் விலை கொடுக்கவும் வேண்டாம், ஐகனின் சிறப்புப் பகுதி உங்கள் பிள்ளைகளின் வயதுக்கு உரியதன்று. அம்மாவின் அறையை மின்தூக்கிக்கு அண்மையில் எடுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு இத்தனை டொலர் என்று பணியாளருக்கான அன்பளிப்புப் பணம் கணக்கில் சேர்க்கப்படும். 2023 இறுதியில் சாதாரண அறைகளுக்கு அது 18 டொலர். அக்கணக்கில் ஐவருக்கு ஏழு நாளைக்கு 630 டொலர் ஆகும். கேட்டால் நீக்கிவிடுவார்கள் என்று சிலர் உங்களுக்குச் சொல்லித் தரக்கூடும். அதனைச் செய்யாதீர்கள். அது அன்பளிப்பு என்ற பெயர் சூட்டப்பட்ட கூலி. பிள்ளைகளிடம், அறையைத் துடைப்பவரின் ஊரும் பெயரும் கேட்டு அறியச் சொல்லுங்கள்.

அக்காவின் மறுமொழி ஒரு வரியே. “நான் இரவிலை செய்யிற வேலைதானே தம்பி அவையும் செய்யினம், எனக்கு விளங்காதே?” என்று எழுதியிருந்தார்.

அவ்வரியிலே என் நண்பரின் கேள்விக்கும் விடை உண்டு. ரொறன்ரோவின் முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பவளும் கப்பலின் அறையிற் படுக்கை விரிப்பவனும் ஒரே வர்க்கத்தினர். ஒருவரின் ஓய்வை மற்றவரின் ஓய்வின்மையின்மேற் கட்டியெழுப்பி, இருவரிடமும் இலாபம் பெறுவது இத்தொழிலின் இரகசியம். பயணத்தைத் தவிர்ப்பதால் அது உடையாது. கடலிலும் எட்டு மணித்தியால வேலை, வாரத்தில் ஒருநாள் முழு ஓய்வு, அன்பளிப்பை நம்பாத நேர்மையான சம்பளம், எந்தக் கொடி பறந்தாலும் செல்லுபடியாகும் தொழிற்சங்க உரிமை ஆகியவை கேட்கப்படவேண்டும். கேட்பவர்களோடு பயணிகளும் சேர்ந்து நிற்கவேண்டும். 1936இன் கோடையிலே கடலைக் காணும் உரிமையைத் தொழிலாளி வென்றான். கடலிலேயே வாழும் தொழிலாளிக்கு, அதனைச் சற்று நின்று பார்க்கும் உரிமை இன்னும் வெல்லப்படவில்லை.