ஒரே தொட்டி, இரண்டு நிறம்

ஜோடி சேராத பொருளைக் கண்டால் நமக்கு மனம் ஆறுவதில்லை. கூஜா ஒரு நிறம், மூடி ஒரு நிறம் என்றால், "இது இதனுடையதல்ல" என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அந்தத் தீர்ப்பு எத்தனை அவசரமானது என்பதைக் கள்ளக்குறிச்சியிலிருந்து வெள்ளிமலைக்குப் போகும் பஸ்ஸில் ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர் எனக்கு விளக்கினார்.

ராணுவத்தில் ஆயுதம் பழுது பார்ப்பது அவருடைய வேலை. அமெரிக்காவின் எம்-16 போன்ற துப்பாக்கிகளில் உடலின் மேல் பாகமும் கீழ்ப் பாகமும் அலுமினியக் கலவை. புதுப் பையன்கள் அந்த வகையைக் கையில் வாங்கியதும் முகம் சுளிப்பார்களாம். மேல் பாகம் கன்னங்கரேலென்று இருக்கும். கீழ்ப் பாகம் சாம்பல், சில சமயம் கத்தரிப்பூ நிறம். "பழசை ஒட்டிக் கொடுத்துட்டாங்களா, ஸார்?" என்று கேட்பார்களாம்.

"அது பெயிண்ட் இல்லே, ஸார். தோல்" என்றார் ஹவில்தார்.

அலுமினியத்தைக் கந்தக அமிலத் தொட்டியில் இறக்கி மின்சாரம் பாய்ச்சினால், அதன் உடம்பிலிருந்தே ஆக்ஸைடுத் தோல் ஒன்று வளர்கிறது. கெட்டித் தோல் வேண்டுமானால் அமிலம் பனிக்கட்டிபோல் குளிர்ந்திருக்க வேண்டும். அப்போதும் அதன் கனம் ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர்தான். அந்தத் தோலின் நுண்ணிய துளைகளில் சாயம் ஏறுகிறது. பிறகு வெந்நீர் முதலியவற்றால் துளைகளை மூடிவிடுகிறார்கள். தோலின் கனம், அமிலத்தின் சூடு, சாயத்தில் ஊறிய நேரம், எதில் சிறிது மாறினாலும் நிறம் மாறும். எல்லாம் ஒன்றாகவே இருந்தாலும், உலோகத்துக்குள் கலந்திருப்பது வேறானால் நிறம் வேறுதான். துத்தநாகமும் செம்பும் சேர்ந்த கலவை ஒரு மாதிரி. மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்தது வேறு மாதிரி. சிலிக்கன் மிகுந்த வார்ப்பு சாம்பலாகவே நிற்கும். கறுப்புச் சாயம் வெயிலில் வெளிறினால் கத்தரிப்பூ எட்டிப் பார்க்கும். நிறம் வேறு என்பதால் மட்டும் பலம் குறைந்துவிட்டது என்று அர்த்தமில்லை.

எங்கள் காலடியில் யாரோ வைத்திருந்த கடுக்காய் மூட்டையைக் காட்டினார். "இந்த மலைச் சரக்குதான். இதன் சாற்றில் இரும்பைப் போட்டா மையாக் கறுக்கும். படிகாரம் போட்டா மஞ்சள். சாறு ஒண்ணுதானே, ஸார்?"

கோமுகி அணை பின்னால் போயிற்று. சிறிது நேரம் பேசாமலிருந்தவர், தாழ்ந்த குரலில் சொன்னார்: "எனக்கு ரெண்டு பொண்ணுங்க. பெரியவ என் நிறம். வாத்தியார் வேலை பார்க்கிறா. சின்னவ அவங்க அம்மா நிறம். பெரியவளைப் பார்க்க வர்றவங்க, சின்னவளைக் கேக்கிறாங்க. நாலு தடவை ஆச்சு. போன மாசம் வந்தவங்ககிட்டே இந்தத் துப்பாக்கிக் கதையைச் சொன்னேன்."

"என்ன சொன்னார்கள்?"

"காப்பி நல்லாயிருக்குன்னாங்க."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

முகம் சுளித்த பையன்கள் ஒரு வாரம் குறி பார்த்துச் சுட்டதும் நிறத்தை மறந்துவிடுவார்களாம். ஒரு மத்தியானம் வந்து, பஜ்ஜி சாப்பிட்டு, தீர்ப்பும் சொல்லிப் போகிறவர்களுக்கு அந்த ஒரு வாரத்தை யார் கொடுப்பது?