செபதேயுவின் கூலியாட்கள்

செபதேயு என்னும் மீனவக் கிழவரைப் பற்றிப் பிரசங்கம் செய்த குருவானவர் ஒருவரையேனும் நாம் கேட்டதில்லை. அவருடைய மக்களாகிய யாக்கோபையும் யோவானையும் பற்றி நூறு முறை கேட்டிருக்கிறோம். கலிலேயாக் கடலோரத்தில் இயேசு அவ்விருவரையும் அழைத்தார். அவர்கள் வலையையும் படகையும் தகப்பனையும் அக்கணமே விட்டு அவர் பின்னே சென்றனர். அவ்வாறே நாமும் உலகப் பற்றை அறுத்து ஆண்டவரைப் பின்பற்ற வேண்டும். திருகோணமலைத் துறைமுகப் பக்கத்துக் கோவில்களில் சிறுபிராயம் முதல் நாம் கேட்டு வளர்ந்த தியானம் இதுவே. மீனவர் பிள்ளைகளாகிய எமக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது. உலகத்தை மாற்றப் புறப்பட்டவர்கள் எம்மைப்போல் மீன் மணக்கும் கையுடையவர்கள் அல்லவா?

இதே காட்சியை மத்தேயுவும் எழுதியிருக்கிறார், மாற்குவும் எழுதியிருக்கிறார். நான்கு சுவிசேஷங்களுள் காலத்தால் முந்தியது மாற்குவினுடையதே என்பது பெரும்பாலான ஆராய்ச்சியாளரின் முடிபு. மக்கள் இருவரும் படகையும் தகப்பனையும் விட்டுச் சென்றார்கள் என்பதோடு மத்தேயு நிறுத்திக் கொள்கிறார். மாற்கு தமது முதலாம் அதிகாரத்து 20ஆம் வசனத்தில் ஒரு செய்தியைக் கூடுதலாகச் சொல்கிறார். தகப்பனோடு கூலியாட்களும் படகில் இருந்தனர் என்பதே அச்செய்தி. அவர்கள் எத்தனை பேர், பெயர் யாது, பின்னர் என்ன ஆயினர் என்பவற்றைச் சுவிசேஷம் எங்கும் பேசவில்லை. அவ்வசனத்தை நாம் ஆண்டுக்கணக்காக வாசித்தோம். அந்தச் சொல்லில் எம் கண் ஒருநாளும் தங்கியதில்லை. தங்க வைத்தவர் எழுத்தறியாத வலைத் தொழிலாளி ஒருவர்.

எம் தந்தையார் நகருக்கு வடக்கே ஒரு கரையிற் சிறு சம்மாட்டியாராக இருந்தவர். ஒரு கரைவலை, ஒரு தோணி, ஒரு வாடி: இவ்வளவே சொத்து. வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கும் பங்குனி தொடங்கிப் புரட்டாதி வரையில் தொழில் நடக்கும். விடியற்புறத்தில் தோணி வலையை வளைத்துப் போட்டுவிட்டு வரும். பின்னர் ஆட்கள் இருபுறமும் நின்று வடத்தைப் பற்றி, அம்பாப் பாட்டுக்குக் கால் மாற்றி, மணிக்கணக்கில் இழுப்பார்கள். மடி கரையேறும்போது உள்ளங்கைத் தோல் உரிந்திருக்கும். மீன் விற்ற காசிற் செலவு கழியும். எஞ்சியதில் வலைக்கு ஒரு பங்கு, ஆட்களுக்கு ஒரு பங்கு. வலைக்குரிய பங்கு ஒருவர் கைக்குப் போகும். ஆட்களுக்குரிய பங்கு அத்தனை பேருக்கும் பிரியும். மீன் படாத நாளிற் பங்கே இல்லை. அடுப்பெரிய முற்பணம் வாங்குவார்கள். முற்பணம் கொப்பியில் ஏறும். கொப்பியில் ஏறியவன் கடன் தீருமட்டும் வேறு கரைக்குப் போவது அரிது.

நாம் படித்தோம். ஆசிரிய கலாசாலைக்குத் தெரிவானோம். எம் ஊரிலிருந்து அவ்வாறு போன முதற் பிள்ளை நாமே. அவ்வாண்டே தந்தையாரும் தளர்ந்தார். வலையும் தோணியும் பாடும் கைமாறின. வாங்கியவர் தம் சொந்த ஆட்களைக் கொண்டுவந்தார். ஊரார் எம்மை வாழ்த்தி வழியனுப்பினர். கோவிலில் எமக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கப்பட்டது. வலையை விட்டு மனிதரைப் பிடிக்கப் புறப்பட்ட சீடருக்கு எம்மை ஒப்பிட்டுப் பேசினார்கள். அன்று கரையில் நின்ற பழைய ஆட்கள் எங்கே போனார்கள் என்று நாம் கேட்கவில்லை. கேட்கத் தோன்றவுமில்லை.

பல ஆண்டுகள் கழிந்து ஊருக்கு மீண்டோம். ஒரு தபசுகாலத்து மாலையில், மீனவர் வீடொன்றின் முற்றத்தில், பதினைந்து பேரளவில் கூடியிருந்து சுவிசேஷம் வாசித்தோம். மாற்குவின் அந்தப் பகுதியை எடுத்து, துறத்தலின் மேன்மையைப் பற்றி நாம் சிறிது விரித்துரைத்தோம். மூலையில் இருந்த முதியவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். தந்தையாரின் வலையில் வடம் இழுத்தவர் அவர்.

"தம்பி, அந்தப் பெடியள் ரண்டுபேரும் ஆண்டவரோடை போயிட்டாங்கள், சரி. படகிலை நிண்ட கூலியாக்களுக்கு அண்டைக்குப் பின்னேரம் கூலி குடுத்தது ஆர்?"

முற்றம் அமைதியாயிற்று. படித்தவர் வழக்கமாகச் சொல்லும் விடையையே நாம் சொன்னோம்: சுவிசேஷத்தின் நோக்கம் ஆன்மீகப் பொருளை உணர்த்துவது, அத்தகைய விவரங்கள் அதற்கு முக்கியமல்ல என்று. முதியவர் தலையை அசைத்தார். அது உடன்பாட்டின் அசைவன்று. எம் தந்தையாரிடம் பங்கு குறைந்த நாட்களிலும் அவர் அவ்வாறுதான் தலையை அசைத்திருப்பார்.

அன்றிரவு எமக்கு உறக்கம் கொள்ளவில்லை. கூலியாள் என்னும் சொல் சுவிசேஷங்களில் வேறெங்கு வருகிறதெனத் தேடினோம். மாற்குவின் மூலமொழியாகிய கிரேக்கத்தில் உள்ள அதே சொல், நல்ல ஆயனைப் பற்றிய யோவான் சுவிசேஷத்துப் பத்தாம் அதிகாரத்திலும் வருகிறது. அங்கே கூலியாள் ஓநாயைக் கண்டதும் ஆடுகளை விட்டு ஓடுகிறவன். ஆடு அவனுடையதன்று, ஆகவே அவனுக்குக் கவலையில்லை. இவ்வுவமையைக் கொண்டு கூலிக்காரனின் விசுவாசமின்மையைப் பற்றி எத்தனை பிரசங்கங்கள்! ஆனால், மாற்குவின் படகைப் பாருங்கள். புறப்பட்டுப் போனவர்கள் உடைமைக்காரரின் மக்கள்; கிழவரோடு படகில் நின்றவர்கள் கூலியாட்கள். மக்கள் போனது குற்றமென்று நாம் சொல்லவில்லை. அழைத்தவர் பெரியவர், அழைப்பும் மெய்யானது. ஆயினும், ஓடுகிறவன் கூலியாள் என்று ஓரிடத்திற் கற்பிக்கும் நாம், நின்றவனும் கூலியாளே என்று மற்றோரிடத்திற் கற்பிக்கத் தவறியது ஏன்?

முதியவரின் கேள்விக்குரிய விடை மத்தேயுவின் இருபதாம் அதிகாரத்தில் இருக்கிறது. திராட்சைத் தோட்டக்காரர் ஒருவர் விடியற்காலையில் ஆட்களைக் கூலிக்கு அமர்த்துகிறார். பின்னர் மூன்றாம், ஆறாம், ஒன்பதாம் மணி வேளைகளிலும், கடைசியாகப் பொழுது சாயும் பதினோராம் மணியிலும் சந்தைவெளியில் நிற்பவர்களை அழைக்கிறார். ஏன் நாள் முழுதும் சும்மா நிற்கிறீர்கள் என்று அவர் வினவ, எம்மை அழைப்பார் இல்லை என்கின்றனர் கடைசியில் நின்றவர்கள். மாலையில் எல்லாருக்கும் ஒரே தெனாரியம் கிடைக்கிறது. தெனாரியம் என்பது அக்காலத்திற் கூலிக்காரன் ஒருவனின் ஒருநாட் கூலியாக வழங்கிய உரோம வெள்ளி நாணயம். கூலியைப் பொழுது அடையுமுன் கொடுத்துவிட வேண்டும் என்பது மோசேயின் சட்டம்.

இவ்வுவமையை நாம் கடவுளின் அருளுக்கு விளக்கமாகவே கேட்டு வந்திருக்கிறோம். அது பொருந்தாத விளக்கமன்று. ஆனால், வடம் இழுத்தவர் கேட்டால் முதலில் விளங்குவது வேறு: ஒரு மணி நேரம் வேலை செய்தவனின் பிள்ளைக்கும் பசி ஒரு நாட் பசியே. வேலை கிடையாமை அவன் குற்றமன்று. 1860இல் ஆங்கில எழுத்தாளர் ஜோன் ரஸ்கின், அக்காலத்துப் பொருளியலைக் கண்டித்து எழுதிய கட்டுரைகளுக்கு இவ்வுவமையின் சொற்களிலிருந்தே தலைப்பை எடுத்தார். அவை சேர்ந்த நூலைக் காந்தியடிகள் 1904இல் யொகானஸ்பேர்க்கிலிருந்து டர்பன் சென்ற புகைவண்டியில் வாசித்தார். 1908இல் 'சர்வோதயம்' என்னும் பெயரால் அதன் சாரத்தைக் குஜராத்தியில் எழுதினார். சந்தைவெளியில் அழைப்பாரின்றி நின்றவனின் வயிற்றிலிருந்து பிறந்தது அச்சொல்.

திருகோணமலையும் அத்தகைய சந்தைவெளியைக் கண்டதுண்டு. இத்துறைமுகம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகப் பிரித்தானியர் கையில் இருந்தது. சீனக்குடாவின் பாரிய எண்ணெய்க் குதங்கள் அதன் சாட்சியாக இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இங்கே குண்டு பொழிந்தன. 1948இல் நாடு சுதந்திரம் அடைந்த பின்னும் கடற்படைத் தளம் பிரித்தானியரிடமே இருந்தது. அதை மீட்க வேண்டும் என்று இடதுசாரிகள் உரத்துக் குரல் கொடுத்தனர். 1957 ஒக்டோபரில் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. அது நியாயமான வெற்றி. பள்ளிச் சிறுவராயிருந்த நாமும் மகிழ்ந்தோம். ஆனால், தளத்தில் உழைத்து வாழ்ந்தவர்களுக்கு மறுநாட் கூலி கொடுப்பது யார்? வேலையிழந்த தமிழ்த் தொழிலாளர் 400 பேரைப் பொலன்னறுவைப் பகுதியிற் குடியேற்ற அரசாங்கம் எண்ணியது. அச்செய்தி அங்கே பகைமையைக் கிளறியது. 1958 மே மாதத்து இனவன்முறை அப்பகுதியில் மூண்டமைக்கு அதுவும் ஒரு காரணமென வரலாறு எழுதினோர் கூறுவர். பேரரசு தன் படகை விட்டுப் போயிற்று. தேசம் தன் வழியே நடந்தது. இருவருக்குமிடையில், அழைப்பாரின்றிச் சந்தையில் நின்றவர்கள் பழிக்கும் ஆளாயினர்.

ஆகவே, முதியவரின் கேள்வி விசுவாசிகளை மாத்திரம் நோக்கியதன்று. முற்போக்கை விரும்பும் எம் அனைவரையும் நோக்கியது. உயர்ந்த அழைப்பு ஒவ்வொன்றும் யாரோ ஒருவரைப் படகில் விட்டுச் செல்கிறது. அழைப்பின் உயர்வு அவர்களுடைய கூலிக்கு ஈடாகாது.

நின்றவர்களோடு நிற்கத் துணிந்தவர்களும் இந்நாட்டில் உண்டு. மைக்கல் றொட்றிகோ என்னும் கத்தோலிக்கக் குரு, படிப்பாற் பெரியவர், 1980 முதல் மொனராகலை மாவட்டத்துப் புத்தளையில் ஏழை விவசாயிகளான பௌத்த மக்களிடையே எளிய குடிசையில் வாழ்ந்தார். அச்சுறுத்தல் வந்தது, போய்விடலாம் என்ற வழியும் இருந்தது. அவர் போகவில்லை. 1987 நவம்பர் 10ஆம் நாள் பூசை ஒப்புக்கொடுத்துக் கொண்டிருக்கையிற் சுட்டுக் கொல்லப்பட்டார். போவதைப் போலவே நிற்பதும் பின்பற்றுதல்தான் என்பதை அவர் வாழ்வு எமக்குச் சொல்கிறது.

எமக்குரிய கதையின் எஞ்சிய பகுதியையும் மறைக்காமற் சொல்லிவிட வேண்டும். அந்த மாலைக்குப் பின் தந்தையாரின் பழைய பெட்டியைத் திறந்தோம். முற்பணக் கொப்பி இருந்தது. வலை விற்ற ஆண்டின் கடைசிப் பக்கங்களில், ஆட்களுக்குச் சேரவேண்டிய பங்கு தந்தையாரின் கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தது; கொடுத்ததற்குரிய அடையாளம் இல்லை. அதற்கு நேரே, அதே மாதத்தில், எம் கலாசாலைச் செலவு: பெட்டி ஒன்று, இரண்டு வேட்டி, சப்பாத்து, புகைவண்டிக் கட்டணம். தந்தையார் கொடியவரல்லர், பிள்ளையை நேசித்தவர். ஆயினும் எமது அழைப்பின் வழிச்செலவை யார் கொடுத்தார்கள் என்பது அன்று எமக்குத் தெளிவாயிற்று.

கொப்பியை எடுத்துக்கொண்டு முதியவரிடம் போனோம். பெயர்களை வாசிக்கச் சொன்னார். வாசித்தோம். இவர் செத்துப்போனார், இவர் தோட்டக்கூலியாகப் போனார், இவருடைய மகள் மூதூரில் இருக்கிறாள் என்று ஒவ்வொரு பெயருக்கும் நின்று நின்று சொன்னார். தம் பெயர் வந்தபோது ஒன்றும் சொல்லவில்லை. கண்டுபிடிக்க முடிந்த வீடுகளுக்கு, காலத்தின் பெறுமதியைக் கணித்து, இயன்றதைக் கொடுத்தோம். கண்டுபிடிக்க முடியாத பெயர்கள் ஐந்து இன்னும் இருக்கின்றன. அக்கடன் தீரவில்லை.

யோவான் சுவிசேஷத்தின் கடைசி அதிகாரத்தை இப்போது வேறு கண்ணோடு வாசிக்கிறோம். ஆண்டவர் உயிர்த்த பின் சீடர் சிலர் மீண்டும் மீன்பிடிக்கப் போகின்றனர். அவர்களுள் செபதேயுவின் மக்களும் இருந்தனர் என்று யோவான் குறிக்கிறார். அவர்களுக்குப் படகு கிடைத்தது, வலையும் கிடைத்தது, 153 பெருமீன் பட்டும் அவ்வலை கிழியவில்லை. நூல்வலையைக் காயவிடாமலும் பொத்தாமலும் போட்டு வைத்தால் அது எத்தனை நாளைக்கு நிற்கும் என்பதை மீனவர் வீட்டில் பிறந்தவர் அறிவர். யாரோ அதனைக் காத்திருக்க வேண்டும். யார் என்று சுவிசேஷம் சொல்லவில்லை. திரும்பி வந்தவர்களுக்குக் கரையில் தணல் மூட்டி, மீனும் அப்பமும் ஆயத்தமாக்கி நின்றவர் ஆண்டவர் என்று மட்டும் சொல்கிறது. அவரும் அன்று கரையில் நின்றவர்களின் பக்கத்திலேயே நிற்கிறார்.

இன்று சில கரைகளில் மனிதக் கைக்குப் பதிலாக உழவு இயந்திரத்திற் பூட்டிய உருளை வடத்தை இழுக்கிறது. உடல் நோவு குறைகிறது, அது நன்றே. இழுத்த கைகளோ மீண்டும் சந்தைவெளியில் நிற்கின்றன. ஆசிரிய நண்பர்களே, மாணவர்களே, எம்மிற் பலர் ஒரு படகையோ, வயலையோ, தேயிலைக் கொழுந்துக் கூடையையோ விட்டு வகுப்பறைக்கு வந்தவர்கள். வந்தது தவறன்று. ஆனால், எம் வீட்டுப் பெட்டிகளிலும் ஒரு கொப்பி இருக்கக்கூடும். அதனைத் திறந்து பார்ப்பதும் தியானமே. அதிலுள்ள பெயர்களை உரத்து வாசிப்பதும் செபமே. வாசித்த பின், பொழுது அடையுமுன், கூலியைக் கொடுத்துவிட வேண்டும்.