கொரியப் பாடத்தில் நான் மறைத்தவை

தெரிந்தே தவறாகக் கற்பித்தேன். தில்லி பழைய ராஜேந்தர் நகரில், குடிமைப் பணித் தேர்வுக்காக ஊரிலிருந்து வந்து தங்கிப் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகள் உலக வரலாறு நடத்தினேன். அதில் ரஷ்யாவும் கொரியாவும் உறவுகொண்ட கதை வரும்போது, என் மனதுக்கு நெருக்கமான பக்கத்தைக் களங்கப்படுத்தும் எதையும் நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. படிக்காமல் விட்டிருந்தால் அதை அறியாமை என்று ஆற்றிக்கொள்ளலாம். நான் படித்திருந்தேன்.

நியூ செஞ்சுரி புத்தக வேனில் வாங்கிய சோவியத் நூல்களால் வளர்ந்தவன் நான். மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள்தான் எனக்கு உலகத்தைக் காட்டின. தில்லிக்கு வந்து ரஷ்ய மொழி கற்றதும் அந்தக் காதலால்தான். சோவியத் ஒன்றியம் கலைந்த பிறகும் காதல் கலையவில்லை. ஜார் காலத்து ரஷ்யாவுக்காகவும் வாதாடும் அளவுக்கு அது முற்றிவிட்டிருந்தது.

நான் நடத்திய பாடம் இப்படிப் போகும். 1860 பீக்கிங் உடன்படிக்கையால் தூமன் ஆற்றங்கரையில் ரஷ்யாவும் கொரியாவும் அண்டை நாடுகளாயின. பஞ்சத்தில் வாடிய கொரிய உழவர்கள் ஆற்றைக் கடந்து ரஷ்ய மண்ணில் குடியேறினார்கள். 1884இல் கார்ல் வெபர் சியோலில் நட்பு உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். 1895 அக்டோபரில் ஜப்பானியர் அரண்மனைக்குள் புகுந்து அரசி மின்னைக் கொன்றார்கள். நான்கு மாதம் கழித்து, 1896 பிப்ரவரி 11 அன்று, அரசர் கோஜோங் பெண்கள் செல்லும் மூடுபல்லக்கில் மறைந்து ரஷ்யத் தூதரகத்தில் அடைக்கலம் புகுந்தார். ஓராண்டுக் காலம் அங்கிருந்தபடியே நாட்டை ஆண்டார். "பாருங்க, கடைசியில காப்பாத்தினது யாரு?" என்று கேட்டுப் பாடத்தை முடிப்பேன். வகுப்பு ரசிக்கும். அந்த ரசிப்பு எனக்குத் தேவைப்பட்டது.

முடித்த இடத்துக்கு அடுத்த பக்கத்தில் இருந்ததைச் சொல்கிறேன். தூதரகத்தில் இருந்தபடியே கோஜோங், மின் யோங்-ஹ்வான் என்ற அமைச்சரை இரண்டாம் நிக்கோலாசின் முடிசூட்டு விழாவுக்கு மாஸ்கோ அனுப்பினார். பசிபிக்கையும் அட்லாண்டிக்கையும் கடந்து 1896 மே மாதம் அவர் போய்ச் சேர்ந்தார். தேவாலயத்துக்குள் தொப்பியைக் கழற்றியாக வேண்டும் என்றார்கள். கொரிய மரபில் அது கூடாது என்பதால் அவர் உள்ளே நுழையவில்லை. அரசருக்குக் காவல் படை, ராணுவப் பயிற்சியாளர்கள், கடன் என்று அவர் கேட்டவை தெளிவானவை. ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லோபனோவ் பிடிகொடுக்காமல் பதில் சொன்னார். அதே நாட்களில், அதே விழாவுக்கு வந்திருந்த ஜப்பானின் யமகதாவுடன் ஜூன் 9 அன்று கொரியாவைப் பற்றியே ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார். அதில் ரகசிய ஷரத்துகளும் இருந்தன. உதவி கேட்டு வந்தவர் அதே ஊரில் காத்திருக்கிறார். அவருடைய நாட்டின் மீது யாருக்கு எவ்வளவு உரிமை என்று அவரை விட்டுவிட்டு இருவர் பேசி முடிக்கிறார்கள். மின்னுக்குக் கடைசியில் கிடைத்தவர்கள் சில பயிற்சி அதிகாரிகள் மட்டுமே. 1905இல் ஜப்பான் கொரியாவைத் தன் பாதுகாப்பின் கீழ் கொண்டுவந்தபோது, அந்த அவமானத்தைத் தாங்காமல் அவர் உயிரை மாய்த்துக்கொண்டார். இந்த மனிதரின் பெயரை என் மாணவர்கள் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை.

ஆற்றைக் கடந்து குடியேறிய உழவர்களின் கதையையும் பாதியில்தான் நிறுத்தினேன். 1937இல் ஸ்டாலின் அரசு அவர்களுடைய பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும், 1 லட்சத்து 70 ஆயிரம் பேருக்கு மேல், ரயிலில் ஏற்றிக் கசகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் பெயர்த்து அனுப்பியது. ஜப்பானுக்கு உளவு பார்ப்பார்கள் என்பது காரணம். ஜப்பானிடம் நாட்டைப் பறிகொடுத்தவர்கள் மீது சுமத்திய பழி இது. எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. நான் சொல்லாமல் விட்டதால் அவர்கள் துயரம் குறைந்துவிடவில்லை.

இவற்றைவிட என்னை அதிகம் உறுத்துவது 1948. கொரியாவில் தேர்தலைக் கண்காணிக்க ஐ.நா. அமைத்த ஆணையத்தின் தலைவர் நம்முடைய கே.பி.எஸ். மேனன், சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் படித்தவர். தன் பிடியில் இருந்த வடக்குப் பகுதியில் கால்வைக்க சோவியத் தரப்பு ஆணையத்தை அனுமதிக்கவில்லை. தெற்கில் மட்டும் தேர்தல் நடத்தினால் நாடு இரண்டாகும் என்ற அச்சம் மேனனுக்கே இருந்தது. இருந்தும் மார்ச் 12 அன்று ஆணையம் வாக்களித்தபோது, தனித் தேர்தலுக்கு ஆதரவாக விழுந்த நான்கு வாக்குகளில் ஒன்று இந்தியாவுடையது. ஆஸ்திரேலியாவும் கனடாவும் எதிர்த்தன.

ஒரு மாணவர் வகுப்பில் எழுந்து, "சார், 1948ல நாம எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டோம்?" என்று கேட்டார். "நடுநிலைப்பா" என்றேன். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டார். அது பொய் என்பது சொல்லும்போதே எனக்குத் தெரியும். இந்தியா செய்தது சரி என்றால் சோவியத் செய்தது தவறு. சோவியத் சரி என்றால் இந்தியா தவறு. இரண்டில் ஒன்றைச் சொல்லும் துணிவு எனக்கில்லை. மறுநாள் திருத்தியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. அந்தப் பிள்ளை தேர்வில் அந்த விடையை எழுதினாரா என்று நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தூக்கம் கெடுகிறது.

மேனன் என்னைவிட நேர்மையானவர். மோ யூன்-சுக் என்ற கொரியப் பெண் கவிஞரின் நட்பு தன் முடிவை அசைத்ததையும், அந்த ஒரு முறை அறிவை மீறி இதயத்தின் பேச்சைக் கேட்டுவிட்டதையும் தன்வரலாற்று நூலில் அவரே எழுதினார். பிற்பாடு மாஸ்கோவில் ஒன்பது ஆண்டுகள் இந்தியத் தூதராக இருந்தவர் அவர். அந்த நூல் என் அலமாரியில் இருந்தது.

கொரியப் போருக்குப் பிறகு எந்தத் தரப்புக்கும் போக மறுத்த 88 போர்க்கைதிகள், 76 கொரியர்களும் 12 சீனர்களும், 1954 பிப்ரவரியில் கப்பலில் சென்னை வந்து, பிறகு இதே தில்லியில் தங்கவைக்கப்பட்டதை மட்டும் பெருமையோடு நடத்துவேன். பலர் பிறகு பிரேசிலுக்கும் அர்ஜென்டினாவுக்கும் போனார்கள். அந்தக் கொரியர்கள் போக மறுத்த வடக்கு, தெற்கு அரசுகள் இரண்டும் உருவான பாதையில் நம் வாக்கும் உண்டு என்பதையும் சேர்த்துச் சொல்வதுதான் ஆசிரியனின் வேலை.

என்னிடம் படித்தவர்களில் சிலர் இன்று அதிகாரிகள், சிலர் ஆசிரியர்கள். அந்த நோட்டு இன்னும் கையில் இருந்தால், கொரியப் பாடத்தில் 'நடுநிலை' என்று எழுதியதை அடித்துவிட்டு, 'ஆதரவாக வாக்களித்தது' என்று எழுதிக்கொள்ளுங்கள். மின் யோங்-ஹ்வான் பெயரையும் 1937ஆம் ஆண்டையும் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் யாருக்காவது இதைக் கற்பித்திருந்தால், அவர்களுக்கும் சொல்லி அனுப்புங்கள்.