அக்கா முகத்துக்கு ஒரு மாடல் எக்ஸாம்!

வீட்டுல அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமாயிடுச்சா? கங்கிராட்ஸ்! பத்திரிகைக்கு மஞ்சள் தடவுறதுல இருந்து பந்தியில தண்ணி பாட்டில் வைக்கிறது வரைக்கும் இனி எல்லாம் உங்க தலையிலதான். அந்த லிஸ்ட்ல ஒண்ணை மட்டும் அசால்ட்டா விட்டுடாதீங்க... மேக்கப் ட்ரையல்! பார்லருக்குத் துணையா போகப்போறது நீங்கதானே?

ட்ரையல்னா சும்மா அலங்காரம் பண்ணி அழகு பார்க்கிறதுனு நினைச்சுக்காதீங்க. செமஸ்டருக்கு முன்னாடி நாம எழுதுற மாடல் எக்ஸாம் மாதிரிதான் இதுவும். இங்கே தப்பு வந்தா லாபம்! முகூர்த்தத்தன்னிக்கு விடிகாலையில, மண்டபமே 'பொண்ணு ரெடியா?'னு கதவைத் தட்டுறப்ப, 'இந்த லிப்ஸ்டிக் பிடிக்கலை'ன்னு சொல்ல அக்காவுக்கு வாயும் வராது, நேரமும் இருக்காது.

அதனால கல்யாணத்துக்கு ஒரு மாசம், ஒன்றரை மாசம் முன்னாடியே போயிடுங்க. புடவை, தைச்ச ஜாக்கெட், நெத்திச்சுட்டி, சவுரி, குஞ்சலம் எல்லாம் கூடவே வரட்டும். முதல் நாள்தான் த்ரெட்டிங், ஃபேஷியல்னு பண்ணி, சிவந்துபோன முகத்தோட போய் உட்கார வேண்டாம். அக்காவுக்கு ஏற்கெனவே ஏதாவது அலர்ஜி இருந்தா முதல்லயே சொல்லிடுங்க. ஹேர் டை போடுற ஐடியா இருந்தா, 48 மணி நேரம் முன்னாடியே காதுக்குப் பின்னால துளி தடவிப் பார்த்துடணும். கல்யாணத்தன்னிக்கு அரிப்பும் வீக்கமும் எதுக்கு பாஸ்?

தலை அலங்காரம் முடிஞ்சதும் கண்ணாடி முன்னாடியே உட்கார வைக்காதீங்க. தரையில சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்க. தலையைக் குனியச் சொல்லுங்க, எழுந்து நடக்கச் சொல்லுங்க. மணமேடையில அவ செய்யப்போறது இதைத்தானே! பூ ஜடையோட வெயிட்டுல கழுத்து வலிக்குதா, நெத்திச்சுட்டி கொக்கி முடியைப் பிடிச்சு இழுக்குதாங்கிறது அப்பதான் தெரியும். கூடவே பூ வெச்சுப் பார்க்க முடிஞ்சா ரொம்ப நல்லது.

அடுத்தது லைட். பார்லர் லைட்டுல எல்லாருமே அழகுதான்! ஜன்னல் பக்கம் கூட்டிட்டுப் போய் பகல் வெளிச்சத்துல ஒரு போட்டோ, டியூப் லைட்டுல ஒண்ணு, ஃப்ளாஷ் போட்டு ஒண்ணு எடுங்க. சில பவுடர்ல இருக்கிற சிலிக்கா, சன்ஸ்கிரீன்ல இருக்கிற டைட்டானியம் டை ஆக்ஸைடு, ஸிங்க் ஆக்ஸைடு இதெல்லாம் ஃப்ளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். நேர்ல ஓ.கே.வா தெரியுற முகம், போட்டோவுல விபூதி பூசின மாதிரி வெளுத்துடும். சில ஃபவுண்டேஷன், போட்டு கொஞ்ச நேரம் கழிச்சு ஒரு ஷேட் கறுத்துடவும் செய்யும். அதனால உடனே முகம் கழுவ விடாதீங்க. வெயில்ல கொஞ்ச தூரம் நடந்து, ஒரு காபி குடிச்சு, அஞ்சாறு மணி நேரம் கழிச்சு இன்னொரு போட்டோ எடுத்துப் பாருங்க. ஹோமப் புகையில வியர்வையும் கண்ணீரும் வழியுறப்ப மேக்கப் தாங்குமானு ஓரளவுக்குப் புரிஞ்சிடும்.

இப்ப முக்கியமான மேட்டர்... கலர்!

என் அக்கா மாநிறம். ட்ரையலுக்குப் போன இடத்துல, 'போட்டோவுல பளிச்னு இருக்கும்மா'னு சொல்லியே ரெண்டு ஷேட் ஏத்திட்டாங்க. முகம் ஒரு கலர், கழுத்து ஒரு கலர், கை இன்னொரு கலர். அக்கா கண்ணாடியையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா. அம்மாவுக்கு மட்டும் பரம திருப்தி. அம்மாவைத் தப்பு சொல்ல முடியாது. முன்னாடி பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், 'பொண்ணு கொஞ்சம் கலர் கம்மி'னு சொல்லிட்டுப் போனது அவங்க மனசுல இன்னும் முள்ளா இருக்கு. நான்தான், 'ஒரு பாதியை மட்டும் துடைச்சுட்டு அவளோட கலர்லயே போடுங்களேன்'னு கேட்டேன். தாடை ஓரத்துல ஷேட் வெச்சுப் பார்த்து, கழுத்தோட சேர்ந்து மறையுற கலரா எடுத்து வலது பாதிக்குப் போட்டாங்க. அம்மா ரெண்டு பக்கத்தையும் ரொம்ப நேரம் பார்த்தாங்க. அப்புறம், 'இந்தப் பக்கமே இருக்கட்டும்'னு வலது கன்னத்தைத் தொட்டாங்க.

நம்ம நாட்டுல 1975-ல வந்த ஃபேர் அண்ட் லவ்லி, 2020-ல தன் பேர்ல இருந்த 'ஃபேர்'ங்கிற வார்த்தையையே எடுத்துடுச்சு. 'கறுப்பும் அழகே'னு சொல்ற டார்க் இஸ் பியூட்டிஃபுல் பிரசாரம் 2009-ல தொடங்கினது நம்ம சென்னையிலதான். ஆனா, மணமகள் அறைக்குள்ள மட்டும் அந்த 'ரெண்டு ஷேட்' இன்னும் உயிரோட இருக்கு! அதை 'வேணாம்'னு சொல்றதுக்கு ட்ரையலைவிட நல்ல நாள் கிடைக்காது. மணப்பொண்ணு கூச்சப்படலாம். நீங்க கூச்சப்படாதீங்க. சண்டையெல்லாம் வேண்டாம், 'கழுத்தோட மேட்ச் பண்ணிடுங்க அக்கா'னு சிரிச்சுக்கிட்டே சொன்னா போதும்.

கிளம்புறதுக்கு முன்னாடி எந்த ஷேட், என்ன நம்பர்னு எழுதி வாங்கிக்கங்க. கல்யாணத்தன்னிக்கு வரப்போறது இவங்களேதானா, இல்லை அசிஸ்டென்ட்டா? எத்தனை மணிக்கு வருவாங்க? ரிசப்ஷன், முகூர்த்தம் ரெண்டுக்கும் சேர்த்து எவ்வளவு? ட்ரையலுக்குத் தனியா காசா? எல்லாத்தையும் கேட்ட பிறகு அட்வான்ஸ் கொடுங்க.

சாம்பார் ருசி, மண்டப வாடகை எல்லாம் மறந்துபோயிடும். ஆல்பம் மட்டும் அலமாரியில இருக்கும். இருபது வருஷம் கழிச்சு அதைப் புரட்டுற ஒரு குட்டி, 'இது யாரும்மா?'னு அக்காவைக் கேட்கக் கூடாது இல்லையா?

ஓ.கே., கிளம்புங்க. ஆங்... ஊக்கு டப்பாவும் உங்க பொறுப்புதான்!