மண்ணூர் மண்ணும் மதி மண்ணும்

"நிலவின் மண்ணை ஒத்த மண் நம் தமிழகத்திலேயே உண்டு. எங்கே, சொல்லுங்கள் பார்க்கலாம்?" என்றார் வேதியியல் டீச்சர். "மண்ணூரில்!" என்றாள் ஒருத்தி. வகுப்பே கொல்லென்று சிரித்தது. மண்ணூரிலிருந்து வரும் நாங்கள் ஐவர் மட்டும் சிரிக்கவில்லை.

விடை, நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியும் குன்னமலையும். அங்குள்ள அனார்த்தோசைட் பாறை, நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தாரின் துணையுடன் இஸ்ரோ அதைப் பொடித்து, டன் கணக்கில் பெங்களூருக்குக் கொண்டு சென்று, நிலவில் இறங்கும் கலத்தையும் ஊர்தியையும் அதன்மேல் சோதித்தது. அம்மண்ணைச் செய்யும் முறைக்கு 2020-இல் காப்புரிமையும் பெற்றது.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கியது. பிரக்யான் ஊர்தி 23 இடங்களில் மண்ணை ஆராய்ந்தது. முடிவு 2024-இல் வெளிவந்தது: அங்கும் அனார்த்தோசைட் வகையே!

முன்னர் அப்பல்லோ வீரர்கள் 1969 முதல் 1972 வரை 382 கிலோ கல்லும் மண்ணும் கொண்டுவந்தனர். மேட்டுநில மண்ணில் சிலிக்கா ஏறத்தாழ 45 விழுக்காடு, அலுமினா 27, கால்சியம் ஆக்சைடு 15. எஞ்சியவற்றுள் இரும்பு, மெக்னீசியம் ஆக்சைடுகள் முக்கியமானவை. என்னே விந்தை! மூச்சுவிடக் காற்றில்லாத நிலவில், மண்ணின் எடையில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் ஆக்சிஜன். ஆனால் அது சிலிக்கனோடும் உலோகங்களோடும் கட்டுண்டு கிடக்கிறது.

அங்கே மக்கிய இலையில்லை, மண்புழுவில்லை, நைட்ரஜன் இல்லையென்றே சொல்லலாம். அமெரிக்காவின் ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தார் அப்பல்லோ மண்ணில் விதைத்த செடிகள் முளைத்தும் குன்றிப் போயின என்று 2022-இல் அறிவித்தனர்.

இதைக் கேட்டதும் எங்களுக்கு ஒரு பாட்டில் நினைவுக்கு வந்தது. எங்களுள் ஒருத்தியின் தாத்தா, தொழிற்சாலைக்கு நிலத்தை எழுதிக் கொடுத்த அன்று, வயலிலிருந்து ஒரு பிடி மண்ணை ஹார்லிக்ஸ் பாட்டிலில் எடுத்து வைத்தார். "மண்ணைப் போய் யாராவது சேர்த்து வைப்பார்களா?" என்று நாங்களும் கேலி செய்தவர்களே.

அம்மண்ணில் பாதியைத் தாத்தாவிடம் கேட்டு வாங்கி, தொட்டியிலிட்டு நீர் தெளித்தோம். விதை ஒன்றும் போடவில்லை. பத்தாம் நாள் ஒரு குப்பைக்கீரை தலைகாட்டியது! ஆண்டுக்கணக்கில் உறங்கிய விதை.

தாத்தா குனிந்து பார்த்தார். "நம்ம கொல்லையில மொளைக்கிறதுதாம்மா" என்றவர், மேலே ஒன்றும் பேசவில்லை.

தோழியரே! நிலவு மண்ணுக்குப் போட்டியாக ஒரு மண்ணைப் பாறையிலிருந்து பொடித்தெடுக்கலாம். உயிருள்ள மண்ணை அப்படிச் செய்ய இயலுமோ? இனி "மண்ணூர்" என்று யாரேனும் சிரித்தால், எங்கள் தொட்டியைக் காட்டுவோம்.

— பதினோராம் வகுப்பு மண்ணூர் மாணவியர்