ஓசூர் முதல் பாரூர் வரை: பீட்சாவின் தரத்தை அளக்கும் முறை

கர்நாடக எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டித் தமிழ்நாட்டுக்குள் நுழையும் தேசிய நெடுஞ்சாலை 44, ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம் ஆகிய ஊர்களைத் தொட்டுத் தெற்கு நோக்கி இறங்குகிறது. காவேரிப்பட்டணத்தில் அதை விட்டுப் போச்சம்பள்ளிப் பக்கம் திரும்பும் பயணி, தென்பெண்ணையாற்று நீரை நெடுங்கல் தடுப்பணை வழியாகப் பெறும் பெரிய ஏரியையுடைய பாரூரை அடைகிறார். ஒரு புறம் மோட்டார் வாகனத் தொழிற்சாலைகளும் மறுபுறம் தக்காளி, ராகி, மா ஆகியவை விளையும் நிலங்களும் அமைந்த இவ்வழியில், கடந்த கால் நூற்றாண்டுக்குள் பரவலாக வேரூன்றிய உணவுகளுள் ஒன்று பீட்சா. அதை விற்கும் உள்ளூர்க் கடைகளின் தரத்தை எவ்வளவுகோலால் அளப்பது என்ற கேள்வி நாக்கின் விருப்பு வெறுப்போடு முடிந்துவிடுவதன்று. தரம் என்ற சொல்லுக்கு இப்பகுதி தன் ஆலைகளில் ஒரு பொருளும் தன் ஏரிக்கரைகளில் வேறொரு பொருளும் கொண்டிருப்பதால், அவ்விரண்டையும் பிரித்துப் பார்த்த பின்னரே அதற்கு விடை காண இயலும்.

இந்தியாவில் சங்கிலிக் கடைகள், அதாவது ஒரே பெயரிலும் ஒரே செய்முறையிலும் பல ஊர்களில் இயங்கும் கடைகள், பீட்சாவைப் பெருவாரியாக விற்கத் தொடங்கியது 1996ஆம் ஆண்டில்தான். அவ்வாண்டு ஜனவரியில் டாமினோஸ் நிறுவனம் டெல்லியிலும், ஜூனில் பீட்சா ஹட் நிறுவனம் பெங்களூரிலும் தம் முதல் கடைகளைத் திறந்தன. பெங்களூரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஓசூருக்கு அப்பழக்கம் வந்துசேர்ந்தது இயல்பே. 1980ஆம் ஆண்டை ஒட்டி அசோக் லேலண்டும் டிவிஎஸ் மோட்டாரும், அதே பத்தாண்டின் பிற்பகுதியில் டைட்டன் கைக்கடிகார ஆலையும் அங்கு உற்பத்தியைத் தொடங்கியிருந்தமையால், பிற மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் வந்து தங்கி உழைக்கும் இளைஞர் கூட்டம் ஒன்று அவ்வூரில் முன்னரே உருவாகியிருந்தது. 2021இல் போச்சம்பள்ளி அருகே ஓலா எலக்ட்ரிக் நிறுவனத்தின் மின்ஸ்கூட்டர் ஆலை திறக்கப்பட்டபின் அத்தகைய வாடிக்கையாளர்கள் பாரூரின் அண்டையிலும் பெருகினர்.

இவ்வட்டாரத்து ஆலைகளில் தரம் என்பது, வரையறுத்த அளவிலிருந்து விலகாமையைக் குறிக்கும். டிவிஎஸ் மோட்டார் நிறுவனம் 2002இல் பெற்ற டெமிங் பரிசு, அமெரிக்கப் புள்ளியியலாளர் எட்வர்ட்ஸ் டெமிங்கின் பெயரால் ஜப்பானில் 1951 முதல் வழங்கப்பட்டுவருவது. உற்பத்தியில் ஏற்படும் மாறுபாடுகளை அளந்து, அவற்றின் காரணத்தைக் களைந்து, ஆயிரமாவது பொருளையும் முதற்பொருளைப் போலவே வெளிக்கொணர்வதே அப்பரிசு போற்றும் நெறியின் சாரம். சங்கிலிக் கடையின் பீட்சாவும் இந்நெறியின் பிள்ளையே. மாவு ஒரு மையக் கூடத்தில் பிசையப்பட்டு, குளிரூட்டிய வண்டிகளில் கடைதோறும் அனுப்பப்படுகிறது. கடையிலுள்ள நகரும் பட்டை அடுப்பில், மேலும் கீழும் வெப்பக் காற்று பீய்ச்சும் அறையினூடே உலோகப் பட்டை ஒன்று பீட்சாவைச் சுமந்து சீரான வேகத்தில் ஊர்ந்து செல்கிறது. வேகும் நேரத்தைப் பட்டையின் வேகமே தீர்மானிப்பதால், நேற்று வேலைக்குச் சேர்ந்தவரும் பத்தாண்டு பழகியவரும் ஒரே விளைவைப் பெறுகின்றனர். இத்தகைய கடையைக் குறிப்பிட்ட ஓர் ஊரின் கடையாகக் கருதி மதிப்பிடுவதில் பொருளில்லை. ஓசூர்க் கடையும் சேலத்துக் கடையும் ஒத்திருக்குமாயின் அது தன் கடமையைச் செய்துவிட்டது.

சங்கிலியில் சேராத உள்ளூர்க் கடையை அணுகும்போது பலர் கைக்கொள்ளும் மற்றோர் அளவுகோல் நேப்பிள்ஸ் நகரத்து மரபு. அந்நகரில் 1984இல் தோன்றிய உண்மை நேப்பிள்ஸ் பீட்சாச் சங்கம், மாவின் சேர்க்கை முதல் அடுப்பின் சூடு வரை அனைத்தையும் விதிகளாக்கியிருக்கிறது. விறகு எரியும் குவிமாட அடுப்பு 430 முதல் 480 டிகிரி செல்சியஸ் வரை சூடேற வேண்டும். பீட்சா 60 முதல் 90 விநாடிகளுக்குள் வெந்துவிட வேண்டும். அதன் விட்டம் 35 சென்டிமீட்டரைத் தாண்டலாகாது. நேப்பிள்ஸ் பீட்சாக் கலைஞர்களின் கைத்திறனை யுனெஸ்கோ 2017இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. எனினும் சூளகிரியிலோ காவேரிப்பட்டணத்திலோ மின் அடுப்பு வைத்து நடத்தும் ஒருவரை இவ்விதிகளால் அளப்பது, அவர் ஆடாத ஆட்டத்தில் அவரைத் தோற்கடிப்பதற்கு ஒப்பாகும். விதிகளை விடுத்து அவற்றின் காரணங்களை மட்டும் எடுத்துக்கொண்டால் எந்த ஊரிலும் பயன்படும் சோதனைகள் கிடைக்கின்றன.

அவற்றுள் முதன்மையானது மாவு பற்றியது. கோதுமை மாவில் நீர் சேரும்போது அதிலுள்ள புரதங்கள் இணைந்து குளூட்டன் என்னும் மீள்தன்மையுள்ள வலையை உருவாக்குகின்றன. ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு வெளியிடும் கரியமில வாயுவை அவ்வலை பிடித்துவைப்பதால் மாவு உப்புகிறது. இந்நொதித்தல் நிதானமாக நிகழ்ந்தால் மணமும் சுவையும் கூடுகின்றன. அவசரமாக நிகழ்ந்தால் ரொட்டி உப்பினாலும் உள்ளே இறுக்கமாகவும் பச்சை ஈஸ்ட் வாடையுடனும் இருக்கிறது. வெப்பநிலை ஏறத்தாழ 10 டிகிரி உயர்ந்தால் ஈஸ்ட்டின் வேகம் இரு மடங்கை நெருங்குவது பொது விதி. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரின் மிதமான தட்பவெப்பத்தில் இரவு பிசைந்த மாவு மறுநாள் பதமாக இருக்கக்கூடும். அதே செய்முறையைப் பல நூறு மீட்டர் கீழிறங்கிச் சித்திரை மாதத்துக் கிருஷ்ணகிரியில் பின்பற்றினால் மாவு புளித்து வலுவிழந்துவிடும். மிகையாகப் புளித்த மாவில் சர்க்கரை தீர்ந்துபோவதால் எவ்வளவு வேகவைத்தாலும் விளிம்பு வெளிறியே நிற்கும். ஆகவே ஓசூரைவிடக் கிருஷ்ணகிரிச் சமவெளியில் நல்ல மாவு கிடைப்பது அதைப் பிசைந்தவரின் கவனத்துக்குக் கூடுதல் சான்றாகும்.

மாவைக் கடையிலேயே பிசைகிறார்களா என்பதைக் கேட்காமலும் அறியலாம். ஆயத்தமாக வாங்கிய ரொட்டித் தட்டு அச்சில் வெட்டியதுபோல் முழு வட்டமாகவும், உப்பாதிருக்கக் குத்திய துளைகள் சம இடைவெளியிலும், அடிப்பாகம் ஒரே வெளிர்நிறத்திலும் காணப்படும். கையால் விரித்ததில் வட்டம் சற்றே கோணி, விளிம்பில் சிறிதும் பெரிதுமான குமிழிகள் எழுந்து, அடியில் ஆங்காங்கே பழுப்புப் புள்ளிகள் விழுந்திருக்கும். அப்புள்ளிகள் அடுப்பின் தளம் போதிய சூட்டில் இருந்ததற்கு அடையாளம். எனவே தரம் நாடும் பயணி தட்டு வந்தவுடன் ஒரு துண்டைத் திருப்பிப் பார்ப்பது முறை. சிறு நகரத்து பேக்கரிகள் பலவற்றில் பீட்சா என்று விற்கப்படுவது, ஆயத்த ரொட்டியின்மேல் தக்காளி கெச்சப்பும் மயோனைசும் தடவி, இனிப்புச் சோளமும் வெங்காயமும் தூவி, துருவிய சீஸ் உருகும்வரை சூடாக்கியதே. மாலையில் பசியாற அது உதவக்கூடும் என்றாலும், பீட்சாவின் உழைப்பு அதில் நிகழ்வதில்லை. பச்சை முட்டையால் செய்யும் மயோனைசைத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடைசெய்தது என்பதும், அத்தகைய மயோனைசில் சால்மொனெல்லா போன்ற கிருமிகள் பெருகும் அபாயம் உண்டு என்பதும் இங்கு நினைவிற்குரியவை.

கிருஷ்ணகிரி மாவட்டம் தமிழகத்தில் ராகி மிகுதியாக விளையும் மாவட்டங்களுள் ஒன்றாதலால், ராகி பீட்சா என்ற பெயர் இங்கு பெருமிதத்தோடு ஒலிப்பது வியப்பன்று. ஆனால் ராகியில் குளூட்டன் இல்லாமையால் அது வாயுவைப் பிடித்துவைக்காது. மைதாவோ கோதுமையோ பெரும்பங்கு சேராமல் உப்பிய ரொட்டி அமையாது. ஆதலின், எவ்வளவு பங்கு ராகி கலக்கப்பட்டது என்பதைத் தயங்காமல் சொல்லும் கடை நம்பத்தக்கது. நிறத்தை மட்டும் காட்டி உடல்நலத்தைப் பேசும் கடை அவ்வாறன்று.

அடுத்தது தக்காளி. இராயக்கோட்டைச் சந்தையிலிருந்து தக்காளி பல ஊர்களுக்கு ஏற்றுமதியாகும் இப்பகுதியில், பீட்சாவின் சாந்து சுவையற்றிருப்பதற்கு வழங்கலின் குறையைக் காரணமாகச் சொல்ல இயலாது. இல்லங்களில் பெங்களூர்த் தக்காளி என வழங்கும் கெட்டித் தோலுடைய வகை சதைப்பற்று மிகுந்தும் நீர் குறைந்தும் இருப்பதால் சாந்துக்கு உடலைத் தருகிறது. நாட்டுத் தக்காளி புளிப்பைத் தருகிறது. இரண்டையும் கலந்து, நீர் சுண்டவிட்டு, உப்பும் சிறிது பூண்டும் சேர்த்த சாந்தே பாலாடைக்கட்டியின் கொழுப்பை நாவில் அறுக்கவல்லது. விலை வீழும்போது உழவர் தக்காளியைச் சாலையோரம் கொட்டிச் செல்வதும், 2023 ஜூலையில் நடந்ததுபோல் கிலோ நூறு ரூபாயைக் கடப்பதும் மாறிமாறி நிகழ்கின்றன. விலை ஏறும் பருவத்தில் சாந்து திடீரென இனித்தால், தக்காளியின் இடத்தைக் கெச்சப் பிடித்துவிட்டதாகக் கொள்ளலாம்.

பாலாடைக்கட்டியின் சோதனை நுட்பமானது. பீட்சாவுக்குரிய மொசரெல்லா, பாலைத் திரித்து, தயிர்க்கட்டியை வெந்நீரில் இழுத்துப் பிசைந்து, ஈரப்பதம் குறைத்துச் செய்யப்படுவது. ஈரோடு மாவட்டம் பெருந்துறையில் மில்க்கி மிஸ்ட் போன்ற நிறுவனங்கள் இதைப் பெருமளவில் உற்பத்தி செய்வதால் மேற்கு மாவட்டங்களில் இது அரிய பொருளன்று. இதற்கு மாற்றாகப் பால்கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெயைச் சேர்த்துச் செய்யப்படும் பொருள்களும் சந்தையில் உண்டு. அவற்றைப் பாற்பொருளின் பெயரால் விற்கலாகாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதி. பொட்டலத்தின்மேல் எழுதப்படும் அவ்வுண்மை உணவகத்துத் தட்டில் எழுதப்படுவதில்லை. விளம்பரங்களில் காட்டப்படும் நீண்ட இழை இவ்விரண்டையும் பிரித்தறிய உதவாது, ஏனெனில் இழுபடும் தன்மையை மாற்றுப் பொருளிலும் உண்டாக்க இயலும். ஒரு துண்டை ஆறவிட்டு உண்பதே நம்பகமான வழி. பாலினால் ஆனது ஆறியபின்னும் பால்மணத்தோடு மென்மையாக மெல்லப்படும். எண்ணெயினால் ஆனதோ பெரும்பாலும் ரப்பரைப்போல் இறுகி, மேலண்ணத்தில் மெழுகுப் படலமாகப் படியும்.

மேலே தூவப்படுவனவற்றைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தளி, கெலமங்கலம் பகுதிகளின் பசுமைக்குடில்களில் குடமிளகாய் விளைகிறது. பன்னீரும் கோழியும் எங்கும் கிடைக்கின்றன. இத்தாலியர் காணாத மசாலாக் கோழியைப் பீட்சாவின்மேல் இடுவதால் தரம் குறைவதில்லை. குழம்பின் ஈரத்தோடு இட்டு ரொட்டியை நனைத்தால்தான் குறைகிறது. எனவே புதிய கடையை மதிப்பிடுவோர் மேற்பூச்சு ஏதுமற்ற, சாந்தும் பாலாடைக்கட்டியும் மட்டும் கொண்ட மார்கரிட்டாவை முதலில் கேட்பது நன்று, ஏனெனில் பன்னீரும் கோழியும் மறைக்கும் பிழைகள் அதில் வெளிப்படையாகத் தெரியும். அதையும் கடையிலேயே அமர்ந்து உண்ண வேண்டும். அட்டைப் பெட்டிக்குள் அடைபட்ட நீராவி சில நிமிடங்களில் மொறுமொறுப்பைக் கொன்றுவிடுவதால், விடுதி அறைக்கு வரவழைத்த பீட்சாவைக்கொண்டு அடுப்பைக் குறைகூறுவது நியாயமாகாது.

பாரூரில் இந்த ஆய்வுக்கு எதிர்பாராத துணை ஒன்று உண்டு. கிழக்கு, மேற்குக் கால்வாய்களால் வயல்களுக்கு நீர் வழங்கும் அவ்வூர்ப் பெரிய ஏரி மீன்வளத்துக்கும் பெயர்பெற்றது. தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகம் திலேப்பியா வளர்ப்புக்கான மையம் ஒன்றையும் அங்கு நடத்துகிறது. இத்தகைய நீர்நிலைகளின் ஓரத்தில், குறிப்பாகக் கிருஷ்ணகிரி அணையருகே, மீன் வறுவல் விற்கும் கடைகளை மக்கள் தேர்ந்தெடுக்கும் முறை கவனிக்கத்தக்கது. மீனை அவர்களே பார்த்துத் தேர்கின்றனர். மசாலா தடவுவதும் எண்ணெயில் இடுவதும் அவர்கள் கண்முன் நிகழ்கின்றன. எண்ணெய் கறுத்திருந்தால் அடுத்த கடைக்கு நகர்கின்றனர். வேலை தம் எதிரே நடப்பதே அவர்கள் கேட்கும் உறுதிமொழி.

ஆலையின் அளவுகோல் விலகாமையைக் கேட்கிறது. ஏரிக்கரையின் அளவுகோல் கண்முன் நிகழும் உழைப்பைக் கேட்கிறது. உள்ளூர்ப் பீட்சாக் கடைக்கு இவ்விரண்டும் ஒருசேரப் பொருந்தும், ஆனால் வரிசை மாறலாகாது. மாவு பிசைதல், சாந்து காய்ச்சுதல், அடுப்பில் இடுதல் ஆகியவற்றுள் எத்தனை அக்கடையிலேயே நடக்கின்றன என்பது முதற்கேள்வி. கூட்டமில்லாத பிற்பகலில் கிடைத்த அதே பீட்சா, ஷிஃப்ட் விட்டுத் தொழிலாளர் திரளும் மாலையிலும் கிடைக்கிறதா என்பது இரண்டாவது. முதற்கேள்வியில் தோற்ற கடையை இரண்டாவது கேள்வியால் சோதிக்கத் தேவையில்லை, ஏனெனில் வாங்கிய ரொட்டியும் வாங்கிய கெச்சப்பும் என்றும் மாறாதிருப்பதில் சமையற்காரரின் பங்கு ஏதுமில்லை. இரண்டிலும் தேறும் கடை நேப்பிள்ஸை ஒத்திராவிட்டாலும், பெங்களூரின் பெரிய கடைகளுக்கு நிகரான அலங்காரம் பெற்றிராவிட்டாலும், பயணி வண்டியை நிறுத்தி இறங்கத் தக்க கடையே.